கத்தரிப்பூ கலரில் அர்ஜென்டினா!

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று அடுத்தடுத்து மீனவ ஊர்கள். உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் இந்தப் பக்கம் போனால் எந்த வீடு எந்தக் கட்சி என்று யாரிடமும் கேட்க வேண்டாம். மொட்டைமாடியில் மஞ்சள் கொடி பறந்தால் பிரேசில். வெள்ளையும் இளநீலமும் என்றால் அர்ஜென்டினா. இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையின் பிள்ளைதான். ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போனவர்கள் கரை சேர்ந்ததும், மீன் விலைக்கு அடுத்தபடியாக விசாரிப்பது கோல் கணக்கைத்தான்.

2022 ஆகஸ்ட் கடைசியில் அர்ஜென்டினாவின் மாற்று ஜெர்ஸி வெளியானது. நிறம்... ஊதா! ஆண் - பெண் சமத்துவத்தைச் சொல்லும் நிறம் என்று விளக்கம் கொடுத்தது அடிடாஸ். நல்ல விளக்கம்தான். ஆனால், சின்ன வயதிலிருந்து நீல வெள்ளைக் கோட்டையே பார்த்து வளர்ந்த ரசிகனுக்கு அது எப்படி உள்ளே இறங்கும்? 'கத்தரிக்காய் கலர்' என்று பிரேசில் கோஷ்டி கிண்டலடிக்க, இவர்களுக்கு வாய் அடைத்துப் போகும்.

இந்தக் கரையில் ஊதாவுக்கு வேறு ஓர் அர்த்தமும் உண்டு. கத்தோலிக்கக் கோயில்களில் தவக்காலத்திலும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் குருவானவர் உடுத்தும் நிறம் அது. அடக்கப் பூசையிலும் அதைப் பார்க்கலாம். "இதென்ன மக்களே, அச்சனுக்க அங்கி மாதிரி இருக்கு?" என்று ஒரு பாட்டி கேட்டுவிட்டால், பேரன் பத்தாம் நம்பரைத் திருப்பிக் காட்டுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

அந்தச் சட்டைக்கு வேலை வந்த நாளைப் பாருங்கள். நவம்பர் 22-ல் சவுதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றாகிவிட்டது. 26-ல் மெக்சிகோவை வென்றுதான் அர்ஜென்டினாவுக்கு உயிர் வந்தது. அடுத்து போலந்து. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். போலந்துக்கு வெள்ளைச் சட்டை என்பதால், குழப்பம் வராமலிருக்க அர்ஜென்டினா ஊதாவுக்கு மாறியது. கத்தாரில் அது நவம்பர் 30 இரவு. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை.

நவம்பர் 30! 2017-ல் ஒக்கி புயல் இந்தக் கடலைப் புரட்டிப் போட்ட நாள். நூற்றுக்கும் மேற்பட்ட குமரி மீனவர்கள் திரும்பி வரவில்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. 2022-ல் அதற்கு ஐந்தாவது நினைவு நாள். திருவருகைக் காலம் தொடங்கியும் மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. திருவருகைக் காலத்துக்கும் ஊதா, இரவு டிவியிலும் ஊதா. கடலுக்குப் போனவர்களிலும் மஞ்சள் ரசிகர்கள் உண்டு, நீல வெள்ளை ரசிகர்கள் உண்டு. மகனுக்கு மரடோனாவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன அப்பாக்கள் உண்டு. மெழுகுவத்தி ஏற்றி வைத்த வீட்டில் அன்றைக்கு டிவி போடலாமா, வேண்டாமா? ஒவ்வொரு வீடும் தானே முடிவு செய்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

39-வது நிமிடத்தில் மெஸ்ஸியின் பெனால்டியை போலந்து கோல்கீப்பர் ஷெஸ்னி தடுத்துவிட்டார். ராசியில்லாத சட்டை என்று புலம்ப இதைவிட நல்ல தருணம் கிடைக்காது! இடைவேளை முடிந்து வந்ததுமே மெக் அலிஸ்டர் ஒரு கோல், 67-வது நிமிடத்தில் ஆல்வரெஸ் ஒரு கோல். 2-0. அதுவரை முகம் சுளித்தவர்களுக்கும் அப்புறம் ஊதா உறுத்தவில்லை.

மாற்றுச் சட்டைகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான். 1986-ல் மெக்சிகோவில் இங்கிலாந்தை எதிர்த்து மரடோனா போட்டிருந்த நீலச் சட்டை, அவசரத்துக்கு உள்ளூர்க் கடையில் வாங்கியது. ஏற்கெனவே இருந்த நீலச் சட்டை உச்சிவெயிலுக்குக் கனமாக இருக்கிறது என்று பயிற்சியாளர் பிலார்டோ கவலைப்பட்டதால் வந்த ஏற்பாடு. முத்திரையை அவசரமாகத் தைத்து, பளபளக்கும் வெள்ளி நிற எண்களை ஒட்டினார்கள். அதில் ஒரு சட்டை 2022 மே மாதம் எழுபது லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. கையால் அடித்த கோலும், இங்கிலாந்தின் பாதி அணியைக் கடந்து போய் அடித்த கோலும் விழுந்த சட்டையாயிற்றே!

பிரேசில் கோஷ்டியும் ரொம்பக் கிண்டலடிக்க முடியாது. 1958 இறுதிப் போட்டியில் சுவீடனும் மஞ்சள் என்பதால் பிரேசில் நீலத்துக்கு மாற வேண்டியிருந்தது. வீரர்கள் சோர்ந்து போக, அணித் தலைமையில் இருந்த பாவ்லோ மச்சாடோ டி கர்வால்யோ, அது அப்பரெசிடா மாதாவின் மேலாடை நிறம் என்று சொல்லித் தேற்றினாராம். 5-2 என்று ஜெயித்து முதல் கோப்பையைத் தூக்கினார்கள். முக்குக்கு முக்கு மாதா கெபி உள்ள கடற்கரையில் இந்தக் கதைக்குத் தனியாக விளக்கம் வேண்டியதில்லை.

அந்த உலகக் கோப்பையில் ஊதாவுக்கு மறுபடி வேலை வரவில்லை. டிசம்பர் 18, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. பழைய நீல வெள்ளைக் கோட்டிலேயே கோப்பை கைக்கு வந்தது. ஆனாலும், சாயங்காலம் மணலில் பந்து உருட்டும் பொடியன்களில் ஒருவன் ஊதாவோடு வந்து நிற்பான்.

"லேய், ஒரே ஒரு களிதானலே இதப் போட்டானுவ?"

"ஒண்ணுதான். அண்ணைக்கு இது இல்லேன்னா கப்பு எங்கலே?"