கவிழ்த்து வெச்ச பரிசலும் ஃபைபர் மாண்டலினும்!

ஒகேனக்கல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், சுடச்சுட மீன் வறுவல்... சரிதானே! ஆனா, இந்த வாரம் உங்களை அங்கே கூட்டிட்டுப் போறது மாண்டலின் பார்க்க! 'என்னது, ஒகேனக்கல்ல மாண்டலினா?'னு முறைக்காதீங்க. முதல்ல பஸ்ல ஏறுங்க. மத்ததைப் போற வழியில பேசிக்கலாம்.

தர்மபுரியில இருந்து பென்னாகரம் வழியா சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டினதும் ரோடு காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு இறங்கும். ஜன்னல் சீட் கிடைச்சா டிக்கெட் காசு அங்கேயே வசூல்!

சரி, மாண்டலின் பற்றி ஒரு சின்ன 'நோட்ஸ்'. 1995-ல வந்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்துல ஷாருக் கான் கையில வெச்சிருப்பாரே, அதேதான். ரெண்டு ரெண்டா நாலு ஜோடி, மொத்தம் எட்டுக் கம்பி. மாண்டோலா, மாண்டோசெல்லோன்னு கனத்த குரல்ல பேசுற அண்ணன்களும் இந்தக் குடும்பத்துல உண்டு. இத்தாலியோட பழைய நேப்பிள்ஸ் மாடலுக்கு முதுகு அரைப் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும். மெல்லிசான மரப்பட்டைகளை வளைச்சு, பக்கத்துல பக்கத்துல ஒட்டிச் செய்வாங்க. இந்த வடிவத்தை மட்டும் மனசுல வெச்சுக்குங்க. ஸ்டாப் வந்தாச்சு!

அருவிப் பக்கம் அப்புறம் போகலாம். நேரா பரிசல் துறைக்கு வாங்க. கரையில பரிசல்களைக் கவிழ்த்து வெச்சிருப்பாங்க. கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. அதே உப்பின முதுகு! ஒரு கழுத்தைச் சொருகி எட்டுக் கம்பி கட்டினா, சுமார் 7 அடி அகலத்துக்கு ஒரு ராட்சச மாண்டலின் ரெடி.

இப்போ கிட்டப் போய்த் தொட்டுப் பாருங்க. உள்ளே மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமா பின்னியிருக்கும். வெளியே? ஒரு காலத்துல மாட்டுத் தோல். இப்போ பெரும்பாலும் பிளாஸ்டிக் ஷீட், அது மேல தார். 'பிளாஸ்டிக் போட்டாச்சு, இனிமே இது பரிசலே இல்ல'ன்னு யாராவது சண்டை போடுறாங்களா? தண்ணி உள்ளே வரக் கூடாது, துடுப்பு சொன்ன பக்கம் திரும்பணும், பாறையில உரசினா சீக்கிரமே ஒட்டுப் போட முடியணும். பரிசல்கிட்ட எதிர்பார்க்கிறது அவ்வளவுதான்.

ஆனா, இதே நியாயத்தை வாத்தியத்துக்குச் சொல்லிப் பாருங்க. 'மரம் இல்லாம நாதமா? அது பொம்மைக் கடை ஐட்டம்பா'ன்னு உடனே உதட்டைப் பிதுக்குவாங்க.

அவங்களுக்கு ஒரு ஹெலிகாப்டர் கதை. அமெரிக்காவின் சார்லஸ் காமன் ஹெலிகாப்டர் தயாரிச்ச இன்ஜினீயர், கிடார் வாசிக்கிறவரும்கூட. ஹெலிகாப்டர்ல அதிர்வு எதிரி, கிடார்ல அதிர்வுதான் உயிர். ஒண்ணை அடக்கத் தெரிஞ்சவருக்கு இன்னொண்ணை வளர்க்கத் தெரியாதா? 1966-ல 'ஓவேஷன்' கிடார் பிறந்துச்சு. கண்ணாடி இழை கலந்த செயற்கைப் பொருள்ல உருண்டை முதுகு, முன்னாடி மட்டும் மரப்பலகை. பிறகு அதே பாணியில மாண்டலினும் வந்துச்சு. பாருங்க, நம்ம பரிசல் ஃபார்முலாதான்! எங்கே மரம் வேணுமோ அங்கே மரம், மத்த இடத்துல வேற பொருள். கம்பியோட அதிர்வை வாங்கிப் பெருசாக்கி வெளியே தர்ற வேலையில பெரும்பங்கு முன்பலகைக்குத்தான். பின்னாடி இருக்கிற கிண்ணம் கெட்டியா நின்னாலே பாதி வேலை முடிஞ்சுது.

இன்னும் ஒரு படி மேலே போய், உடம்பே கார்பன் ஃபைபர்ல ஆன மாண்டலின்களும் வந்தாச்சு. நம்ம ஊருக்கு இது ஏன் முக்கியம்? மெக்கானிக்ஸ் கிளாஸை ஞாபகப்படுத்துங்க. எட்டுக் கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 70 கிலோவுக்கு மேல. அதை ராத்திரி பகலா தாங்குற மரம், மழைக்காலத்துல ஈரம் குடிச்சு உப்பும். சித்திரை வெயில்ல காய்ஞ்சு சுருங்கும். பசை விடும், கழுத்து வளையும், சுருதி ஓடும். ஹாஸ்டல் ரூம்ல ஏ.சி-யா இருக்கு? கார்பன் ஃபைபர் இந்த ஈரத்துக்கெல்லாம் அசையாது.

'இதெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு'ன்னு நினைக்கிறீங்களா? மாண்டலினையே மாத்திக் காட்டினவர் நம்ம யு.ஸ்ரீநிவாஸ் (1969-2014). எட்டுக் கம்பியைத் தனித்தனி அஞ்சு கம்பியாக்கி, எலெக்ட்ரிக் மாண்டலின்ல கர்னாடக கமகத்தைக் கொண்டு வந்தார். 1983-ல பெர்லின் ஜாஸ் விழாவுல வாசிச்சப்போ அவருக்கு வயசு 14! 'இது கர்னாடக வாத்தியமா?'ன்னு கேட்டவங்களுக்கு அவர் பதில் சொன்னது வாயால இல்ல, விரலால.

அப்போ மரமும் தோலும் வேண்டாமா? அவசரப்படாதீங்க. தர்மபுரி கிராமங்கள்ல திருவிழா சமயம் பறையை நெருப்புல காட்டிச் சூடேத்துறதைப் பார்த்திருப்பீங்க. பிளாஸ்டிக் முகப்புன்னா சூடே வேண்டாம், மழையிலயும் தளராது. ஆனா, தோலோட அந்தக் கனமான அடி அதுல அப்படியே வராது. பதப்படுத்தி, இழுத்துக் கட்டுற கைகளுக்கு வேலையும் குறையும். வசதி இலவசமா வர்றதில்லை!

இன்னொரு சிக்கல், ரிப்பேர். மர மாண்டலின் விரிஞ்சா நல்ல தச்சர் ஒருத்தர் ஒட்டிக் கொடுத்துடலாம். கார்பன் ஃபைபர் ஓடு உடைஞ்சா? பென்னாகரத்துல யார்கிட்ட போவீங்க? பரிசல்ல பிளாஸ்டிக் ஜெயிச்சதுக்குக் காரணம் அது புதுசுங்கிறது இல்ல. கிழிஞ்சா ஒரு துண்டு ஷீட்டும் கொஞ்சம் தாரும் இருந்தா போதும், பரிசல்காரரே சரி பண்ணிடுவார். புதுப் பொருள் நம்ம கைக்கு அடங்கணும். அப்பதான் அது நம்ம பொருள்.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கு. தண்ணி டேங்க், பஸ் சீட்டுன்னு ஃபைபர் வார்க்கிற பட்டறைகள் தமிழ்நாடு பூரா இருக்கு. ஒரு கிண்ணத்துக்கு அச்சு எடுத்து, மேலே மரப்பலகை ஒட்டி, கம்பி கட்டிப் பார்க்க ஃபைனல் இயர் புராஜெக்ட் போதாதா? உடைஞ்சா உள்ளூர்லயே ஒட்டலாம். விலையும் கைக்கு அடங்கினா, வாத்தியம் வாங்க வழியில்லாத ஒரு ஜூனியர் அதுல 'ச ரி க ம' ஆரம்பிப்பான்.

காவிரியில தண்ணி ஜாஸ்தியானா பரிசலுக்குத் தடை போட்டுடுவாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி நீர்வரத்து நிலவரம் பார்த்துக்குங்க. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ஏறி உட்கார்ந்ததும், 'அண்ணா, அடியில என்ன போட்டிருக்கீங்க?'ன்னு ஒரு கேள்வி கேளுங்க. செயற்கைப் பொருள் பற்றி செமஸ்டர் முழுக்க படிக்கிற பாடத்தை, மறுகரை வர்றதுக்குள்ள நடத்தி முடிச்சுடுவார்!