ஓர் அங்குலம் கீழே

உட்வர்ட் அவென்யூவின் பல சந்திப்புகளில் இடப்பக்கம் திரும்ப விடமாட்டார்கள். சந்திப்பைத் தாண்டி நேரே போய், நடுத்திட்டில் விட்டிருக்கும் இடைவெளியில் யூ டர்ன் அடித்து, எதிர்த்திசையில் வந்து வலது எடுக்க வேண்டும். மிச்சிகனுக்கு வந்த புதிதில், இது என்ன கூத்து என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். டெட்ராய்ட் நகருக்குள் தொடங்கி பான்டியாக் வரை ஏறக்குறைய நேராகவே ஓடும் சாலை. 1909இல் இதில் ஒரு மைலுக்கு கான்கிரீட் போட்டதை உள்ளூர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அறுபதுகளில் இரவானால் இளவட்டங்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்டதும் இங்கேதான். பச்சை விழுந்ததும் யார் முந்துகிறார்கள் என்பதுதான் போட்டி. அதில் வளைவுக்கு வேலையே இல்லை.

பெரிய எஞ்சினை நம்பி நேரே பாயும் அந்தக் காலத்து மசில் கார்களும் அப்படியே பிறந்தன. 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓவில் 389 கன அங்குல எஞ்சின். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். போவதற்கு அவ்வளவு யோசித்தவர்கள், நிற்பதற்கும் திரும்புவதற்கும் கொஞ்சம்தான் யோசித்திருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் எதிர்வீட்டுப் பெரியவரிடம் 1966 மஸ்டாங் ஒன்று இருக்கிறது. 289 எஞ்சின், இரண்டு கதவு. மஸ்டாங்கை மசில் கார் கணக்கில் சேர்க்கலாமா என்று இங்கே அடித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் போவதில்லை. முதன்முறை அவர் என்னை அதில் ஏற்றிக்கொண்டு போனபோது, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது; என் தோள் கதவில் இடித்தது. ஸ்டியரிங்கை அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலரைச் சுற்றுக்கும் மேல் சுற்ற வேண்டும். எஞ்சின் மட்டும் அருமையாகப் பாடியது.

கீழே படுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். 1964 ஏப்ரலில் 2,368 டாலருக்கு விற்பனைக்கு வந்த வண்டி அது. அந்த விலைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அடிப்பாகத்தைப் புதிதாகச் செய்ய முடியாது. ஃபால்கன் என்ற சாதுவான குடும்பக் காரின் அடிப்பாகத்தையே எடுத்து, மேலே அழகான உடம்பைப் போட்டார்கள். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டா, அதாவது லீஃப் ஸ்பிரிங்.

பட்டாவைப் பார்த்ததும் எனக்கு நாமக்கல் ஞாபகம் வந்துவிட்டது. லாரி பாடி கட்டும் ஊர். மாமாவுக்கு அங்கே பட்டா பட்டறை. பள்ளி விடுமுறையில் அங்கேயே கிடப்பேன். தளர்ந்த பட்டாவை உலையில் போட்டுச் சிவக்கவைத்து, சம்மட்டியால் தட்டி வளைவை மீட்பார்கள். புதுசே போட்டுவிடலாமா என்று கேட்கும் லாரிக்காரரிடம் மாமா, "இரும்புக்கு ஒண்ணும் ஆகலீங்க, வளைவுதான் போயிருக்குது" என்பார். பாரம் கூடுதலாக ஏற்றுகிறவர்கள் ஒரு பட்டா சேர்த்துப் போடச் சொல்வார்கள். அப்படிச் சேர்த்தால் வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது முதுகெலும்பு கழன்றுவிடும் என்று முதலிலேயே எச்சரித்துவிட்டுத்தான் போடுவார்.

மஸ்டாங்கின் பட்டாவுக்குப் பாரம் பெரிய சிக்கல் இல்லை, முறுக்குதான் சிக்கல். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் எஞ்சினின் விசை பின் ஆக்ஸிலையே திருகப் பார்க்கும். பட்டா எஸ் வடிவில் நெளியும். பிறகு உதறிக்கொண்டு நிமிரும். டயர் தரையில் தத்தித் தத்திக் குதிக்கும். இதற்காகத்தான் பந்தயக் கார் கட்டும் கரோல் ஷெல்பி 1965இல் இதே மஸ்டாங்கை ஜிடி350 ஆக மாற்றியபோது, ஆக்ஸிலை அடக்கிப் பிடிக்க மேலே இரண்டு இரும்புத் தண்டுகள் கொடுத்தார். அவற்றின் மறுமுனை காரின் தரையைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பின்சீட்டை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள், அதனால் யாருக்கும் இடிக்கவில்லை.

ஆனால் ஜிடி350 வளைவில் நின்று திரும்பியதற்கு முக்கியக் காரணம் வேறு. முன் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் மேல்கை காரின் உடம்போடு சேரும் இடத்தை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். அவ்வளவுதான். கணக்குப் போட்டவர் ஃபோர்டு நிறுவனத்தின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாவுஸ் ஆர்னிங். பெயர் வாங்கியது என்னவோ ஷெல்பிதான். 'ஷெல்பி டிராப்' என்றால்தான் பலருக்குப் புரியும். வளைவில் உடம்பு வெளிப்பக்கம் சாயும்போது, பாரத்தையெல்லாம் தாங்குவது வெளிப்பக்கச் சக்கரம். பழைய அமைப்பில் அந்தச் சக்கரத்தின் தலையும் வெளியே சாய்ந்துவிடும். டயர் தன் வெளிவிளிம்பில் ஊர்ந்துகொண்டு போகும். கையின் உள்முனையை இறக்கிவிட்டால், ஸ்பிரிங் அமுங்க அமுங்க அந்தக் கை டயரின் தலையை உள்ளே இழுக்கும். டயர் தரையில் முழுதாகப் படியும். இதற்குப் புது உதிரிபாகம் ஒன்றுகூட வேண்டாம். துளை போட்டால் போதும்.

பெரியவர் தன் மஸ்டாங்கில் அந்தத் துளை போட்ட அன்று நானும் அவர் கராஜில் இருந்தேன். அதற்கு முன் காயில் ஸ்பிரிங்கை வெளியே எடுக்க வேண்டும். அதை அமுக்கிக் கட்டியிருக்கும்போது யாரும் அதன் நேரெதிரே நிற்கக்கூடாது என்று பெரியவர் கறாராகச் சொல்லிவிட்டார். நழுவினால் ஆளையே அடித்துவிடும். ஸ்பிரிங்கைத் தாங்கும் இரும்புக் கூட்டில் தகட்டு அச்சை வைத்து, ஏற்கெனவே இருந்த துளைகளோடு பொருத்தி, சுத்தியலால் புள்ளி குத்தினார். முதலில் மெல்லிய பிட், பிறகு தடித்தது. நான் எண்ணெய் சொட்டவிட்டேன். இரும்புச் சுருள் வெள்ளையாக வந்து, சூட்டில் நீலம் பாரித்து விழுந்தது. கையைப் புதுத் துளையில் மாட்டியபோது ரப்பர் புஷ்களையும் மாற்றினார். பாலியூரித்தேன் எல்லா இடத்துக்கும் நல்லது என்பவர்களை அவருக்கு ஆகாது. கீழ்க்கையைப் பிடித்திருக்கும் முன் தண்டுக்கு அதைப் போட்டால் அசைய வேண்டிய இடத்தில் அசையவிடாமல் தண்டையே ஒடித்துவிடும் என்பார். அதற்கு மட்டும் ரப்பர்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாங்கியவர்கள் பலருக்கே ஜிடி350 பிடிக்கவில்லை. தூக்கிப் போடுகிறது, சத்தம் போடுகிறது, திருப்பத்தில் பின் ஆக்ஸிலுக்குள் இரு சக்கரத்தையும் பூட்டும் டெட்ராய்ட் லாக்கர் படீரென்று இடிக்கிறது என்று குறை சொன்னார்கள். பந்தய ஓட்டுநர் கென் மைல்ஸ் மாதிரி ஆட்கள் ஓட்டிப் பதம் பார்த்த வண்டி அது. கடைக்குப் போய் வருபவருக்கு எப்படி ஒத்துவரும்? 1966 மாடல் வரிசையில் செலவையும் குறைக்க, புகாரையும் குறைக்க, அந்தத் தண்டுகளைக் கைவிட்டார்கள். அந்த ஓர் அங்குலமும் போனது.

'புல்லிட்' படத்தில் சான்பிரான்சிஸ்கோ மேடுகளில் பறந்து பறந்து விழும் 1968 மஸ்டாங்கும் கடையிலிருந்து அப்படியே வந்ததில்லை. மாக்ஸ் பால்சோவ்ஸ்கி என்ற பந்தய மெக்கானிக் அதன் சஸ்பென்ஷனைப் பலப்படுத்தியிருந்தார். அது தெரியாமல் எத்தனை பேர் அதே வண்டியை வாங்கி ஏமாந்தார்களோ.

பெரியவரின் மகனுக்கு இந்தத் துளை வேலையெல்லாம் அரைகுறை. ஸ்பிரிங் கூட்டையே அறுத்தெறிந்துவிட்டு, மஸ்டாங் டூ வகை முன்பாகத்தைக் கிட்டாக வாங்கிப் பூட்டலாம் என்கிறார். 1974 மாடலாக வந்து, பின்னாளில் பலரும் ஏளனம் செய்த கார் மஸ்டாங் டூ. இன்று பழைய வண்டி கட்டுகிறவர்கள் அதன் முன் சஸ்பென்ஷனைத்தான் தேடிப் போகிறார்கள். மகன் சொல்வதுபோல் செய்தால் பானட்டுக்குள் இடம் கிடைக்கும், ரேக் ஸ்டியரிங் வரும், வண்டி இன்னும் நன்றாகத் திரும்பும். எல்லாம் சரி. ஆனால் அப்படித் திரும்ப வேண்டுமென்றால் புதுக் காரே வாங்கலாமே என்பது என் கட்சி. துளையோடு நிறுத்திக்கொண்டால் நாளைக்கே பழைய துளையில் மாட்டிக்கொள்ளலாம். அறுத்ததை ஒட்டவைக்க முடியாது.

கடைசியில் வீல் அலைன்மென்ட்டுக்குப் போனோம். பெரியவர் தன் கையால் எழுதிய சீட்டை நீட்டினார்: கேஸ்டர் மூன்று டிகிரி, கேம்பர் மைனஸ் அரை டிகிரி. மேல்கைக்குப் பின்னால் மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் கடைப் பையன் அந்த எண்ணுக்குக் கொண்டுவந்தான். திரையில் எல்லாக் கட்டமும் சிவப்பு. கணினியில் இருந்தது 1966இன் அளவு, அந்தக் காலத்து பயஸ் பிளை டயருக்கானது. வண்டியில் இருப்பதோ ரேடியல். பையன் தயங்கினான். சிவப்பாகவே இருக்கட்டும் என்று பெரியவர் பணத்தைக் கட்டினார்.

திரும்பும் வழியில் அதே இறக்க வளைவு. வண்டி சாயத்தான் செய்தது, ஆனால் பிடியை விடவில்லை. அவர் ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் திருத்தவில்லை. பின்பட்டாவில் வலப்பக்கம் தளர்ந்திருக்கிறது, அதையும் கழற்றி வளைவேற்றலாம் என்று அன்றிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தபாலில் புதுப்பட்டாவே வருகிற காலத்தில் சம்மட்டி எதற்கு என்கிறார்.