தேக்கிலும் செல்லு ஏறும்

தேக்கைச் செல்லு தொடாது என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வோம். அது பாதிதான் சரி. தேக்கின் வைரத்தைத்தான் அது லேசில் தொடாது. வெள்ளையைத் தாராளமாகத் தின்னும்.

மரம் வளர வளர அதன் நடுப்பகுதி நீர் கடத்தும் வேலையை விட்டுவிடுகிறது. அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் சாயப் பொருள்களும் சேர்ந்து நிறம் கறுக்கும். அதுதான் வைரம். தேக்கில் அப்படிச் சேர்வனவற்றில் ஒன்று டெக்டோகுவினோன். அது கரையானுக்கு ஆகாது. பட்டையை ஒட்டிய வெள்ளையில் இருப்பதோ மாவுச்சத்தும் சர்க்கரையும். கரையானுக்கு அது பலகாரம் மாதிரி. வேங்கையானாலும் இதே கதைதான், வெள்ளைக்குக் காவல் கிடையாது.

பனை மட்டும் தலைகீழ். உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும், வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பியம் மரபியலில் பிரித்திருக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல்! பனையைப் பிளந்து உள்ளே இருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டுக் கைமரம் போட்ட நம் ஊர் ஆசாரிகள் தொல்காப்பியம் படித்தவர்கள் இல்லை.

பத்து வருஷத்துக்கு முன் சித்தப்பாவின் பழைய வீட்டைப் பிரித்தார்கள். வாசல் நிலை பர்மா தேக்கு. அடியில் ஒரு முழ உயரத்துக்கு மண் புற்று ஏறியிருந்தது. தட்டினால் தூளாகக் கொட்டியது. பழைய மரம் வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டு, விறகு விலைதான் கொடுக்க முடியும் என்றார். தம்பியும், "அண்ணே, செல்லு பிடிச்சதைப் புது வீட்ல வைக்கவா? போகட்டும்ணே" என்றான். அவன் தாத்தா காலத்து நிலை அது. கல்யாணங்களுக்கெல்லாம் அதில்தான் மாவிலை கட்டினார்கள்.

கூட இருந்த ஆசாரி ஒன்றும் பேசவில்லை. வாச்சியை எடுத்து ஓரத்தில் நாலு போடு போட்டார். அரித்த பாகம் அரை அங்குலத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வாச்சி வழுக்கியது. இழைத்ததும் தேக்கு வாசனை அப்படியே வந்தது, நேற்று அறுத்தது போல. ஒரு ஓரத்தில் விட்டிருந்த வெள்ளையைத்தான் தின்றிருக்கிறது! அந்த நிலைதான் இப்போது தம்பி வீட்டு வாசலில் நிற்கிறது. அடியில் மண் படாமல் கருங்கல் வைத்திருக்கிறான். எந்த வைரமும் ஈர மண்ணில் வருஷக்கணக்கில் நின்றால் தளர்ந்துதான் போகும்.

இப்போது கடையில் வருவது பெரும்பாலும் தோட்டத்துத் தேக்கு. இளசிலேயே வெட்டுவதால் வெள்ளை அதிகம், உள்ளே இருக்கும் வைரமும் முற்றாதது. தேக்கு என்ற பெயருக்குக் காசு கொடுக்கிறோம். வார்னிஷ் அடித்த பிறகு எது வெள்ளை, எது வைரம் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

தம்பி மகளுக்கு வீடு கட்டுகிறான். மரக்கடைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறான். இழைப்பதற்கு முன்பே வருகிறேன், அறுத்த முனைகளை வெளிச்சத்தில் அடுக்கி வைக்கச் சொல் என்றேன்.