ஒரு கேள்வியும் இரு பதிவேடுகளும்

வழு என்ற சொல்லை நம் இலக்கணிகள் மிகுந்த கவனத்துடன் கையாண்டார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுவை ஏழாக வகுத்த நன்னூலார், காரணத்தோடு வரும் வழுவை அமைதியாக ஏற்கவும் வழி வகுத்தார். இன்று கணினித் துறையினர் ஆணைத்தொடர்களில் நேரும் பிழையையும் வழு என்றே வழங்குகின்றனர். அதைத் தேடிப் பிடிக்கும் கருவிக்கு வழுநீக்கி என்று பெயர். தமிழ் கற்பிக்கும் எனக்கு அத்துறையை எட்டிப் பார்க்க இச்சொல்லே சாளரமாயிற்று.

அட்டன் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, என்னிடம் தமிழ் பயின்று, இப்போது கொழும்பில் மென்பொருள் எழுதும் இளைஞர் ஒருவர் சென்ற விடுமுறையில் ஜி.டி.பி. என்னும் வழுநீக்கியைப் பற்றி எனக்கு விளக்கினார். மென்பொருள் மக்கள் அனைவருக்கும் உரியதாக இருக்க வேண்டும் என்று வாதிட்ட ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1986இல் தொடங்கிய கருவி அது. அதன் மூலநிரலை உலகில் எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அவ்விளைஞர் அதைப் படித்துத்தான் தம் தொழிலைக் கற்றாராம்.

இக்கருவி இரு உருவங்களில் இயங்குகிறது. ஒன்று, நம் கணினியிலேயே அமர்ந்து ஆராயும் ஜி.டி.பி. மற்றது, தொலைவிலுள்ள இன்னொரு கணினியில் அமர்ந்து செய்தி அனுப்பும் ஜி.டி.பி. சேர்வர் என்ற சிறு துணைவன். இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றே: 'இந்தக் கணினியின் செயலி எத்தகையது? அதில் எந்தெந்தப் பதிவகங்கள் உள்ளன?' என்று அறிவது. ஆனால் இவ்வொரே வினாவுக்கு விடை காணும் நிரல், நெடுங்காலம் இரண்டு இடங்களில் தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. புதிய செயலி வந்தால் இரண்டையும் திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால், ஒரே இயந்திரத்தைப் பற்றி இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகப் பேசுவார்கள்.

இதைவிட நுட்பமான தீங்கு ஒன்றும் இருந்தது. செயலி தன் பதிவகங்களின் நிலையை நினைவகத்தில் வரிசையாகச் சேமித்து வைக்கிறது. எந்தப் பதிவகம் எத்தனையாவது பைட்டில் தொடங்கும் என்பதை இரண்டு பிரதிகளும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தன. இன்டெல் செயலிகளில் பி.கே.ஆர்.யூ. என்ற பதிவகம் 2688ஆம் பைட்டில் தொடங்கும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் சில செயலிகளிலோ அது 2432ஆம் பைட்டில் இருந்தது. ஆக, இரண்டு பிரதிகளும் ஒத்த குரலில் பொய்யுரைத்தன. அவ்விரண்டையும் அப்படியே ஒன்றாக்கியிருந்தால் ஒரு பெரும் பொய்யே மிஞ்சியிருக்கும்.

2023இல் செய்த திருத்தம் இவ்விடத்தில்தான் நம் கவனத்துக்கு உரியது. 1993ஆம் ஆண்டுப் பெண்டியம் செயலியோடு பரவலான சி.பி.யூ.ஐ.டி. என்ற ஆணை ஒன்று உண்டு, 'நீ யார்?' என்று செயலியிடமே கேட்பது அது. ஒவ்வொரு பதிவகமும் எங்கே தொடங்குகிறது என்பதையும் அதன் வழியே செயலியே சொல்லிவிடும். ஏட்டிலுள்ள கணக்கை நம்பாமல் செயலியைக் கேட்கும் நிரலை எழுதி, அதை இரு உருவங்களுக்கும் பொதுவான இடத்தில் வைத்தார்கள். செயலி எத்தகையது என்று விவரிக்கும் வேறு பகுதிகளும் 2024இல் இவ்வாறே பொதுவாக்கப்பட்டன. வேறோரிடத்தில் செத்து விழுந்த நிரலின் நினைவகப் பதிவை ஆராயும்போது கேட்பதற்கு அங்கே செயலி இராது. அந்நிலைக்குரிய வழியைத் தனியாகவே விட்டார்கள். பொதுவானதைப் பொதுவில் வைத்து, உண்மையான வேறுபாட்டை மதித்தார்கள். இதுவும் ஒரு வழுவமைதிதான்.

இதைக் கேட்டபோது என் எண்ணம் பெரட்டுக் களத்துக்குத் தாவியது. கொழுந்தெடுக்கும் ஒரு தாய் தோட்டத்துச் செக்றோலில் ராமாயி. பிறப்புச் சான்றிதழில் ராமாய். அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டலில் வேறொரு பெயர். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்ந்த சேமலாப நிதியை முதுமையில் பெறப் போகும்போது, 'நீதான் அவள் என்பதற்கு என்ன சாட்சி?' என்று கேட்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு மாணவரின் பத்திரங்களைச் சரிபார்க்கும் ஒவ்வோர் ஆண்டும் இப்பேதங்களை நான் காண்கிறேன். எழுதியவர் செய்த பிழைக்கு எழுத அறியாதவர் அலைகிறார். ஒரு நாட்சம்பளத்தை இழந்து அவர் அலுவலகப் படி ஏறுகிறார்.

ஆகவே எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் சேர்த்துவிட்டால் தீருமா? நம் சரித்திரம் அவ்வளவு எளிதாக ஆறுதல் கூறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே வரையறையைத்தான் வகுத்தது. அவ்வொரே வரையறைதான் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று பங்கிட்டது. எஞ்சியோரையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கணக்கு ஒத்துவந்தது. 'நீ யார்? எங்கே வாழ விரும்புகிறாய்?' என்று அம்மக்களைக் கேட்காமலே கணக்கு ஒத்துவந்தது. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

உயிரற்ற சில்லைக்கூட அதனிடமே கேட்டறிய வேண்டும் என்பதைக் கணினித் தொழிலாளர் கற்றுக்கொண்டனர். அதுவும் எவ்வாறு? நிரல் திறந்து கிடந்தது. வழுவைக் கண்டவர் சுட்டிக்காட்டினார், அறிந்தவர் திருத்தினார், மற்றவர் சோதித்தனர். நம் மக்களின் பெயர் எழுதப்பட்ட ஏடுகளோ பூட்டிய அலுமாரியில் கிடக்கின்றன. உரியவர் அவற்றைக் காண்பது பிழை வெடித்த பின்னர்தான்.

பதிவேடு ஒன்றாகட்டும், அதை வேண்டாமென்பார் இல்லை. ஆனால் எழுதுமுன் உரியவரைக் கேட்க வேண்டும். எழுதியதை அவர் மொழியில் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். திருத்தக் கேட்டால் அவரை அலைக்கழிக்காமல் திருத்த வேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள். ஆசிரிய நண்பர்கள் இதற்காக மேலிடத்து உத்தரவை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் கண்டதும், அவள் தாயின் பத்திரங்களையும் அருகில் வைத்து ஒப்பிடுவோம். அன்றே காணும் வழு ஓரெழுத்து வழு; நாற்பதாண்டு கழித்துக் காணும்போது அது ஒரு மூதாட்டியின் சோறு.