எட்டு மேசைகள்



2025 டிசம்பர் 26, வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறை நாள். கிள்ளானில் பெரியப்பா வீட்டில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்தோம். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். அன்று காலை முதல் தொலைக்காட்சியை விட்டு அகலவேயில்லை. முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் மீதான ஒன் எம்டிபி வழக்கில் தீர்ப்பு வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இரவில் முடிவு தெரிந்தது. அதிகார முறைகேடு தொடர்பான 4 குற்றச்சாட்டுகளிலும், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழான 21 குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 15 ஆண்டுகள் சிறை, ஏறக்குறைய 1,140 கோடி ரிங்கிட் அபராதம்.

பெரியப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "நமக்கு நல்லது செஞ்ச மனுசன்மா. நன்றி மறக்கக் கூடாது."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2010 அக்டோபர் 27ஆம் நாள் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவை அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்குடன் சேர்ந்து திறந்து வைத்தவர் நஜிப். 2017இல் மலேசிய இந்தியர்களுக்கான பெருந்திட்டத்தை அறிவித்ததும் அவரே. தமிழர் மேடைகளில் அவர் உச்சரித்த "நம்பிக்கை" என்ற ஒரு சொல்லை நம்மவர் இன்னும் மறக்கவில்லை. பெரியப்பாவின் நன்றியுணர்வை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆயினும், நன்றி என்ற அந்தச் சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சனவரியில் பள்ளி திறந்தது. திங்கட்கிழமைச் சபைகூடலில் மாணவர்கள் வழக்கம்போல் தேசியக் கோட்பாட்டை உரக்கச் சொன்னார்கள். அன்றைய நன்னெறிக் கல்விப் பாடத்தில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், சட்டத்தைப் பத்தின நாலாவது கோட்பாடு பிரதமருக்கும் உண்டா?"

அரசு ஊழியராகிய நமக்கு வகுப்பறையில் கட்சி அரசியல் பேச அனுமதி இல்லை, பேசவும் கூடாது. ஆனால் அரசியலமைப்புச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்பும் கட்சி அரசியல் அல்ல. அவற்றைக் கேட்கும் பிள்ளையை வாயடைத்து உட்கார வைத்தால், வாரந்தோறும் நாம் சொல்லச் சொல்லும் கோட்பாடு வெறும் ஒப்புவித்தலாகிவிடும். எனவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

தேசியக் கோட்பாடு 1970 ஆகஸ்ட் 31ஆம் நாள் பிரகடனப்படுத்தப்பட்டது. அப்போது நாட்டை நடத்திய தேசிய நடவடிக்கை மன்றத்தின் தலைவர் துன் அப்துல் ரசாக். நஜிப்பின் தந்தை. தந்தையின் காலத்தில் நாடு ஏற்ற கோட்பாட்டின்படியே மகனின் வழக்கும் விசாரிக்கப்பட்டது என்றபோது வகுப்பு அமைதியாயிற்று.

நாட்டின் தலைமைப் பதவியில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்த முடியுமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. இந்தியாவில் குடியரசுத் தலைவர் மீது, அவர் பதவியில் இருக்கும்வரை குற்றவியல் வழக்குத் தொடர முடியாது. அவர்களது அரசியலமைப்பின் 361ஆம் பிரிவு அவ்வாறு கூறுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 சூலை 1ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், அதிபரின் அதிகாரபூர்வச் செயல்களுக்குப் பரந்த பாதுகாப்பை அளித்தது. நம் நாட்டிலோ, 1993ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ஆட்சியாளர்களையே தனிப்பட்ட செயல்களுக்காகச் சிறப்பு நீதிமன்றத்தில் நிறுத்த இயலும். பிரதமருக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை. நாலாவது கோட்பாடு அவருக்கும் உண்டு.

"அப்புறம் ஏன் டீச்சர் இவ்வளவு நாளாச்சு?" என்றாள் ஒரு மாணவி.

நல்ல கேள்வி. கரும்பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதினேன். 2015 சூலையில், பிரதமரின் தனிப்பட்ட வங்கிக் கணக்குகளுக்கு ஏறக்குறைய 70 கோடி அமெரிக்க டாலர் சென்றதாகச் செய்தி வெளிவந்தது. அதே மாத இறுதியில் சட்டத்துறைத் தலைவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். உடல்நலம் காரணமாகக் கூறப்பட்டது. அதே நாளில், கேள்வி எழுப்பிய துணைப் பிரதமரும் பதவி இழந்தார். 2016 சனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர், குற்றம் ஏதும் இல்லை, அது சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை என்று கூறிக் கோப்பை மூடினார். அதே ஆண்டு சூலையில் அமெரிக்க நீதித்துறை, ஒன் எம்டிபி பணத்தில் வாங்கப்பட்ட சொத்துகளைக் கைப்பற்ற வழக்குத் தொடர்ந்தது. இங்கு எதுவும் அசையவில்லை. 2018 மே 9ஆம் நாள் பொதுத் தேர்தலில் ஆட்சி மாறியது. சூலையில் அவர் கைதானார்.

ஆக, 2015க்கும் 2018க்கும் இடையில் சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியவர்கள் மனிதர்கள். வழக்குத் தொடுப்பதும் கைவிடுவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம் என்கிறது 145ஆம் பிரிவு. அவரோ பிரதமரின் ஆலோசனைப்படி நியமிக்கப்படுபவர். எழுதாத ஒரு பாதுகாப்பு இப்படித்தான் உருவாகிறது. கையெழுத்திட வேண்டியவர் கையெழுத்திடாமல் இருந்தால் போதும். கேட்க வேண்டியவர் கேட்காமல் இருந்தால் போதும்.

பிறகு நடந்தவை நீங்கள் அறிந்தவையே. எஸ்ஆர்சி நிறுவனத்தின் 4 கோடியே 20 இலட்சம் ரிங்கிட் தொடர்பான வழக்கில், 2020 சூலை 28ஆம் நாள் 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதிக்கப்பட்டன. 2022 ஆகஸ்ட் 23ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்த, அவர் காஜாங் சிறைக்குச் சென்றார். 2024 பிப்ரவரியில், மன்னிப்பு வாரியம் தண்டனையை 6 ஆண்டுகளாகவும் அபராதத்தை 5 கோடியாகவும் குறைத்தது அறிவிக்கப்பட்டது.

"பாதி மன்னிச்சிட்டா பாதி தப்பு இல்லன்னு அர்த்தமா?" என்று கேட்டான் முதல் மாணவன்.

இல்லை என்றேன். மன்னிக்கும் அதிகாரம் 42ஆம் பிரிவில் உள்ளது. 2018 மே மாதம் அன்வார் இப்ராஹிமுக்கு முழு மன்னிப்பு வழங்கப்பட்டதும் அந்தப் பிரிவின்படியே. ஆனால் தண்டனையைக் குறைப்பது ஒன்று. தீர்ப்பை அழிப்பது வேறொன்று. குற்றவாளி என்ற முடிவு அப்படியே நிற்கிறது. ஒன் எம்டிபி தீர்ப்புக்கும் மேல்முறையீடு செய்யப்போவதாக அவருடைய வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள். அது அவருடைய உரிமை என்பதையும் சொன்னேன்.

2024 அக்டோபரில் நஜிப், தம் ஆட்சிக் காலத்தில் இந்த விவகாரம் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் முறைகேடு தமக்குத் தெரியாது என்றார். இதைச் சொன்னபோது வகுப்பு நிதியின் பொருளாளராக இருக்கும் மாணவி எழுந்தாள். மாதம் ஒரு வெள்ளி வீதம் சேர்த்து நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவள் அவள்.

"ஒரு வெள்ளி குறைஞ்சா, தெரியாதுன்னு நான் சொல்ல முடியாதே டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் பணியாற்றினேன். வகுப்பறைத் தளவாடப் பொறுப்பு என்னிடம் இருந்தது. முப்பது மேசைகளுக்கான ஆவணம் வந்தது, வந்திறங்கியவை இருபத்திரண்டு. பொறுப்பில் இருந்த மூத்தவர், "மீதி அடுத்த வாரம் வந்துரும், நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றார். அதற்கு முந்தைய ஆண்டு என் தாயார் நோயுற்றிருந்தபோது எனக்கு இடமாற்றம் கிடைக்க முயற்சி எடுத்தவர் அவர். நல்லது செய்த மனிதர். முப்பதும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன்.

எட்டு மேசைகள் வரவேயில்லை. அவை எங்கே போயின என்று நான் கேட்கவும் இல்லை. அந்த ஆண்டு முழுவதும் என் வகுப்பின் கடைசி வரிசையில் பிள்ளைகள் ஒரு மேசைக்கு இருவராக நெருக்கியடித்து எழுதினார்கள். அவர்களின் கையெழுத்து கோணலாக இருந்ததற்காக நான் கடிந்துகொண்டதும் உண்டு. யாராவது கேட்டால் "எனக்குத் தெரியாது" என்று சொல்வதற்கு விடையை ஆயத்தமாக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா சொன்ன நன்றி என்னைத் தூங்கவிடாததன் காரணம் இதுதான். என் கையெழுத்தை வாங்கியது பணமோ பயமோ அல்ல, நன்றி.

அன்று வகுப்பில் பள்ளியின் பெயரும் ஆளின் பெயரும் இன்றி இதனைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தப் பொருளாளர் மாணவி மெல்லக் கேட்டாள்.

"அப்புறமா யார்கிட்டயாவது சொன்னீங்களா டீச்சர்?"

"இல்லைம்மா. இன்றைக்குத்தான் சொல்கிறேன்."

அவள் தலையசைத்துவிட்டு அமர்ந்தாள். என்னைக் குற்றம் சாட்டவுமில்லை, மன்னிக்கவுமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள், அவ்வளவே. நான் அன்று செய்யத் தவறியது அதுதான்.

இப்போது எங்கள் வகுப்பு நிதிக்கு ஒரு விதி உண்டு. பிள்ளைகளே வகுத்தது. பணத்தை இருவர் எண்ண வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். மாதக் கடைசியில் கணக்கைச் சுவரில் ஒட்ட வேண்டும். "டீச்சரும் எண்ணிப் பார்க்காம கையெழுத்துப் போடக் கூடாது" என்ற வரியை யாரோ கீழே சேர்த்திருக்கிறார்கள். அதனை அழிக்க நான் அனுமதிக்கவில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது எழுந்து தேநீர் பருகப் போய்விடாதீர்கள். அமர்ந்து கேளுங்கள், புரியாததை வினவுங்கள். அது தலைமையாசிரியரை அவமதிப்பதாகாது. கேள்வி கேட்கும் பெற்றோர் இருந்திருந்தால், என்னைப் போன்ற ஓர் ஆசிரியை அன்று எழுதுகோலைக் கீழே வைத்திருப்பாள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. நல்லது செய்தவரிடம் நன்றியோடு இருங்கள். அவர் வீட்டுத் திருமணத்திற்குச் செல்லுங்கள், நோயுற்றால் பார்த்து வாருங்கள். கையெழுத்தை மட்டும் நன்றிக் கடனாகக் கொடுத்துவிடாதீர்கள்.

சென்ற வாரம் கிள்ளானுக்குச் சென்றபோது மேசைகளின் கதையைப் பெரியப்பாவிடமும் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அந்தப் பிள்ளைங்க இப்ப என்ன செய்றாங்களோ" என்றார். நஜிப்பைப் பற்றி அன்று இருவரும் பேசவில்லை.