ஐரோப்பா போய் வந்த கதையும் ஒரு சாம்பார் நோட்டும்

 

மூணு வாரமா அன்னதானக் கூடத்துப் பக்கம் எங்க ரெண்டு பேரையும் காணோமேன்னு பல பேர் கேட்டீங்க. உடம்புக்கு ஒன்னும் இல்லை. ஜூன் மாதம் லீவு போட்டு ஐரோப்பா பக்கம் போய் வந்தோம். டூர் பஸ்ஸில் ஏறி, இறங்கி, போட்டோ பிடிச்சு, மறுபடி ஏறுற பயணம் இல்லை. தெரிஞ்சவங்க வீடு வீடாகப் போய்ப் படுத்து எழுந்து வந்தோம். ஹோட்டல் செலவு மிச்சம், வயிறும் நிறைஞ்சது. படம் போடச் சொன்னீங்க, போட்டாச்சு. கதையைச் சொல்லச் சொன்னவங்களுக்கு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க.

பெட்டியில் துணியை விட மற்ற சாமான்தான் அதிகம். பாபாஸ் கறித்தூள், முறுக்கு, நம்ம கோயில் விபூதி 12 பாக்கெட். வெள்ளைத் தூளை இப்படிச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகக் கட்டிக்கிட்டுப் போனால் ஏர்போர்ட்டில் என்ன நடக்கும்னு யாரும் எங்களுக்கு முன்னாடியே சொல்லலை. ஆம்ஸ்டர்டாமில் அதிகாரி பெட்டியைத் திறந்து ஒரு பாக்கெட்டைத் தூக்கினார். பாக்கெட்டைப் பார்த்தார், எங்க நெற்றியைப் பார்த்தார், மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார். சிரிச்சுக்கிட்டே போங்கன்னு கையைக் காட்டிட்டார். முருகன் அங்கேயும் இருக்கார்.

ஹாலந்தில் எங்க பழைய பக்கத்து வீட்டுப் பொண்ணு இருக்கா. லைடன் பட்டணத்தில் வேலை. ஆம்ஸ்டர்டாம் வாய்க்கால், சைக்கிள், பூ எல்லாம் ஒரே நாளில் பார்த்து முடிச்சோம். எங்களை விடச் சைக்கிள்காரங்களுக்குத்தான் அவசரம், மணி அடிச்சே விரட்டுறாங்க. லைடன்தான் மனசில் நின்றது. ஏன்னா அங்கே பல்கலைக்கழக நூலகத்தில் நம்ம ஆனைமங்கலம் செப்பேடுகள் இருந்தது. ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை கட்டினாங்க. கட்டினது கடாரத்து அரசன் சூளாமணிவர்மன், முடிச்சது அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன். அந்த விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்ததைச் சொல்றதுதான் 21 செப்பேடு, வளையத்தில் கோத்துச் சோழர் முத்திரை போட்டது. 1862-இல் அந்த நூலகத்துக்கு வந்தது.

கடாரம்னா எது? நம்ம கெடா! சுங்கைப்பட்டாணியில் இருக்கிற நாம, மெர்போக் போற ரோட்டில் லெம்பா பூஜாங் போர்டைத் தினம் பார்த்துக்கிட்டே வேலைக்குப் போறோம். அந்த ஊர் பேர் சொல்ற செப்பேடு அவ்வளவு தூரத்தில் ஒரு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தது. நாங்க போன அன்னைக்குக் காட்சிக்கு வைக்கலை. நினைச்ச நேரம் எடுத்துக் காட்ட அது ஒன்னும் கடைச் சாமான் இல்லையே. கட்டடத்தைச் சுத்திப் பார்த்து, வாசலில் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்தோம். பக்கத்தில் நின்ன வெள்ளைக்காரப் பிள்ளைங்க லைப்ரரியை எதுக்கு கும்பிடுறாங்கன்னு யோசிச்சிருக்கும்.

அங்கிருந்து ரயிலில் டுயிஸ்பர்க் போய், வண்டி மாறி, ஜெர்மனியில் ஹம். ரயில் 50 நிமிஷம் லேட். இதில் எங்களுக்கு உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டோம். எங்க பேக்டரிக்கு மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் ஒருத்தர் ஆறு மாசம் இருந்தார். ரெண்டு நிமிஷம் லேட்டானா வாட்சைத் தட்டிக் காட்டுவார். ஆனா ஆள் தங்கம். சனிக்கிழமை நம்ம கோயிலுக்கு வந்து இலையில் சாப்பிட்டது பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், ரசத்தை டம்ளரில் கேட்டுக் குடிச்ச மனுஷன். இப்போ ரிட்டயர் ஆகி ஹம் பக்கத்திலேயே இருக்கார். ஸ்டேஷனில் நின்னார். நாங்க வாட்சைத் தட்டிக் காட்டினோம்!

ஹம் காமாட்சி அம்பாள் கோயிலைப் பற்றிப் பல பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. 2002-இல் கும்பாபிஷேகம். ஐரோப்பாக் கண்டத்தில் தென்னிந்தியப் பாணியில் கட்டின பெரிய கோயில்களில் ஒன்னு, ராஜகோபுரம் சுமார் 17 மீட்டர். இலங்கையிலிருந்து அகதியா வந்த குருக்கள் ஒருத்தர் ஒரு வீட்டின் நிலவறையில் வச்சு ஆரம்பிச்சது. கூட்டம் கூடக் கூட அக்கம்பக்கத்தில் சிரமம். கடைசியில் தொழிற்பேட்டையில் இடம் கிடைச்சது. சுத்தி பேக்டரி, லாரி, நடுவில் கோபுரம். பார்த்ததும் நம்ம ஊர் மாதிரியே இருந்தது. நம்ம கோயிலும் ரப்பர் பேக்டரி சுவரை ஒட்டித்தானே இருக்கு.

நாங்க தங்கினது ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் வீட்டில். தைப்பூசத்துக்கு பினாங்கு வந்தப்போ நம்ம தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிச்சுப் பழக்கமானவர். வாசலிலேயே "வாங்கோ, வாங்கோ, சாப்பிட்டனீங்களோ?" நாங்க பதில் சொல்றதுக்குள்ளே இடியப்பமும் சொதியும் வந்துடுச்சு. ராத்திரி மணி ஒன்பதரை, வெளியே வெயில் மாதிரி வெளிச்சம். சூரியன் போக மனசில்லாம நிக்குது. சாயங்கால விளக்கை எப்போ ஏத்துவீங்கன்னு எங்க வீட்டம்மா கேட்டாங்க. அக்கா சொன்னது: "சூரியனைப் பாத்தா கோடையில பத்து மணி, மாரியில நாலு மணி. நான் மணிக்கூட்டைப் பாத்து ஏழுக்கு ஏத்திப் போடுவன், அம்மாளுக்கு விளங்கும்."

ஞாயிற்றுக்கிழமை தேர். ஆயிரக்கணக்கில் ஜனம். பிரான்ஸ், சுவிஸ், ஹாலந்து, டென்மார்க் நம்பர் பிளேட் கார்கள். காவடி, கற்பூரச் சட்டி, தேருக்குப் பின்னாடி தார் ரோட்டில் அங்கப்பிரதட்சணம். இலங்கை வழக்கப்படி ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டி. காற்று 17 டிகிரி! நம்ம ஊரில் ஏர்கோன் அவ்வளவு குளிர் வச்சா பாட்டிங்க சண்டைக்கு வருவாங்க. நம்ம ஜெர்மன்காரரும் வேட்டி கட்டி, பெல்ட் போட்டு இறுக்கி, சட்டையைக் கழற்றி, வடத்தைப் பிடிச்சுட்டார். பக்கத்தில் இருந்த சின்னப் பையன் அவருக்கு ஜெர்மன் மொழியிலேயே விளக்கம் சொல்றான், எந்த நேரம் இழுக்கணும், எந்த நேரம் நிக்கணும்னு. எங்களுக்கு அந்தப் பையன் தமிழில் சொன்னது பாதிதான் புரிஞ்சது.

மறுநாள் தீர்த்தம். ஆறு கிடையாது, கடல் கிடையாது. தத்தெல்ன்-ஹம் கால்வாய், சரக்குக் கப்பல் போற கால்வாய். அம்பாளைக் கரைக்குக் கொண்டு வந்து தீர்த்தமாடி, ஜனமும் தண்ணியில் இறங்குது. எங்க வீட்டம்மா காலை வச்சுட்டு உடனே எடுத்துட்டாங்க. தலையில் தெளிச்சதோட சரி.

பாரிஸைப் பற்றி ரெண்டு வரிதான். ஈபிள் கோபுரம் உயரம், கியூ அதைவிட நீளம். கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லா ஷப்பல்னு ஒரு இடம். ரோட்டில் இறங்கினா தோசை வாசம், தமிழ் போர்டு, நகைக்கடை, பூக்கடை. அங்கே மாணிக்க விநாயகர் கோயில், 1985-லிருந்து. கோடை முடியிற சமயத்தில் தேர் அந்தத் தெருக்களில் வரும், ரோடு முழுக்கத் தேங்காய் உடைப்பாங்களாம். நாங்க போனது ஜூன், அதனால் உடைச்ச தேங்காய் ஒன்னுகூடப் பார்க்கலை. அங்கே இருக்கிற தம்பி ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரன்ட் அடுப்படியில் வேலை. பாரிஸ் சாப்பாடு நல்லா இருக்குன்னு வெள்ளைக்காரங்க சொல்றதில் பாதிப் புகழ் நம்ம பிள்ளைங்களுக்குப் போகணும்னு சொல்லிச் சிரிச்சான்.

இனி லண்டன். இதுக்காகத்தான் இந்தப் பதிவே.

அந்த அண்ணனை உங்களில் நாற்பது வயசுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் தெரியும். பேர் போட மாட்டோம், அவரும் வேண்டாம்னுட்டார். அன்னதான அடுப்படியை 20 வருஷம் கையில் வச்சிருந்தவர்னு சொன்னால் போதும். 11 வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆண்டுக் கூட்டம், முதல்ல புது மண்டபமா, கூரை ரிப்பேரான்னு பிரச்சினை. நாற்காலி பறந்தது. அவர் கரண்டியை வச்சுட்டு வெளியே போனவர்தான். அப்புறம் மகனோட லண்டன் போயிட்டார். நாங்க அப்பவும் சட்டி கழுவுற கோஷ்டிதான், எந்தப் பக்கமும் இல்லை. போனில் எப்பவாவது பேசுவோம். கோயில் பேச்சு வந்தா லைன் கட் ஆகிடும்.

ஈஸ்ட்ஹாம் ஸ்டேஷனுக்கு அவரே வந்தார். மெலிஞ்சிருந்தார், தலை முழுக்க வெள்ளை. ஹைஸ்ட்ரீட் நார்த் முழுக்க நம்ம கடை. மகாலட்சுமி கோயிலில் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் விம்பிள்டன் விநாயகர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். பச்சைக் கோட்டு டிஸ்ட்ரிக்ட் லைன், நடுவில் ஒரு தடவை மாறணும், லண்டனில் கிழக்கிலிருந்து மேற்கே போகணும். போகும்போது வேற எல்லாக் கதையும் பேசினார், கோயிலை மட்டும் பேசலை. நாங்களும் வாயைத் திறக்கலை.

திரும்பி வர்ற வண்டியில் அவராகவே கேட்டார். "பூக்கட்டுற பாட்டி இருக்காங்களா?" போன வருஷம் போயிட்டாங்கன்னு சொன்னோம். "வாசல் வேப்பமரம்?" இருக்குண்ணே. "கூரை?" போட்டாச்சுண்ணே, மண்டபம்தான் இன்னும் இல்லை. அதுக்குச் சிரிச்சார் பாருங்க, எதிர் சீட்டு வெள்ளைக்காரம்மா பேப்பரை இறக்கிப் பார்த்தாங்க.

அக்கா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. நமக்கெல்லாம் சேதி தெரிஞ்சதே நாலு மாசம் கழிச்சு. வீட்டில் அவங்க படத்துக்கு முன்னாடி நம்ம விபூதிப் பாக்கெட்டை வச்சார். கொஞ்ச நேரம் ஒன்னும் பேசலை. அப்புறம், "கோயில்ல இருந்து ஒரு ஆள் போன் பண்ணலம்மா. சண்டை என்னோடதானே, அவளோட இல்லையே" என்றார். எங்க வீட்டம்மா அழுதுட்டாங்க. அவர் எழுந்து போய் டீ போட்டார்.

கிளம்புற அன்னைக்குக் காலையில் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே பச்சை அட்டை நோட்டு, மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை. நம்ம அன்னதான நோட்டு! கோபத்தில் கிளம்பின அன்னைக்குத் துணிப் பையில் அக்கா வச்சுட்டாங்களாம், பெட்டி பிரிச்சப்போதான் பார்த்தாராம். 800 பேருக்குத் துவரம்பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, உப்பை ரெண்டு தடவையாப் போடணும், தைப்பூசத்துக்கு ஆள் கூடினா எதைக் கூட்டணும், எதைக் கூட்டக் கூடாது, எல்லாம் அவர் கையெழுத்து. 11 வருஷமா நம்ம சாம்பார் ஒரு வாரம் தண்ணி, ஒரு வாரம் களி. காரணம் இப்போ தெரிஞ்சுதா? அடுப்படித் தம்பிங்க கோவிச்சுக்காதீங்க, நீங்களே சொன்னதுதான்.

கூடவே ஒரு கவரும் கொடுத்தார். அக்கா திதிக்கு அன்னதான உபயம். ரசீது வேணும், அக்கா பேரில் போடணும், படம் பிடிச்சு அனுப்பணும்னு மூணு தடவை சொன்னார். வந்த மறுநாளே ரசீது போட்டு அனுப்பியாச்சு. ரெண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு மேலே ஒரே ஒரு மெசேஜ்: "பெருங்காயம் கட்டிப் பெருங்காயமா வாங்குங்க."

வர்ற பௌர்ணமி அன்னதானம் அந்த உபயம்தான், நோட்டில் இருக்கிற மாதிரியே சமைக்கப் போறோம். முதல் பக்கத்தை லேமினேட் பண்ணி அடுப்படிச் சுவரில் மாட்டியாச்சு. மதியம் பரிமாறும்போது வீடியோ கால் போடுவோம். அங்கே விடியற்காலையா இருக்கும், எழுந்திருப்பேன்னு சொல்லியிருக்கார். பழைய ஆளுங்க கொஞ்சம் முன்னாடி வந்து நின்னு முகத்தைக் காட்டுங்க. அன்னைக்கு எந்தப் பக்கம் நின்னவங்களா இருந்தாலும் சரி.

சின்ன வெங்காயம் 15 கிலோ உரிக்கணும். காலை 5 மணி. கத்தி அவங்கவங்க கொண்டு வந்துடுங்க.