நாற்பது வருடம் தாமதமான கைதட்டல்

முதலில் கண்ணில் பட்டது எழுத்துப் பிழைதான். சிடியின் உறையில் 'ஒடிஸி' என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் ஒய் வரவேண்டிய இடத்தில் இ இருந்தது. பத்திரிகையில் பிழை திருத்திப் பிழைப்பவனுக்கு அது போதும், மட்டமான திருட்டுப் பிரதி என்று முடிவு கட்ட. "அசலே அப்படித்தான். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் டெல்லி அலுவலகத்தின் பக்கத்து மேஜை நண்பர். 2006ம் ஆண்டு அது. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு ராக் இசையில் என்ன வேலை என்ற அலட்சியத்தோடுதான் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

த ஸோம்பீஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்'. முதல் பாட்டின் மெட்டில் ஒரே குதூகலம். வார்த்தைகளைக் கவனித்தால், சிறையிலிருந்து விடுதலையாகப்போகும் காதலிக்கு ஒருவன் எழுதும் கடிதம். இன்னொரு பாட்டின் தலைப்பு ஃபாக்னரின் சிறுகதையிலிருந்து எடுத்தது. 1914ன் போர்முனையில் நடுங்கும் சிப்பாயின் பாட்டுக்குத் துணை, காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன். நம் காதுக்கு அது ஆர்மோனியம். மொழிபெயர்ப்பாளனை மடக்கிப்போட இவ்வளவு போதாதா? அன்றிரவு மூன்று முறை கேட்டேன்.

கதை பிறகுதான் தெரிந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் உருவான ஐவர் குழு. 1964ல் முதல் பாட்டே அமெரிக்காவில் 2ம் இடம் பிடித்தது. அப்புறம் சரிவு. 1967ல் 1,000 பவுண்டு பட்ஜெட்டில் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். ஸ்டீரியோ வடிவத்துக்குப் பணம் போதாமல், பாடல்களை எழுதிய ராட் ஆர்ஜென்டும் கிறிஸ் ஒயிட்டும் கைக்காசைப் போட்டார்கள். 1968 ஏப்ரலில் அது வெளியானபோது குழு கலைந்துவிட்டிருந்தது. பாடகர் காலின் பிளன்ஸ்டோன் இன்ஷூரன்ஸ் அலுவலக வேலைக்குப் போனார். 1969ல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அமெரிக்காவில் 3ம் இடத்துக்கு ஏறியது. அசல் குழு இல்லாத தைரியத்தில் போலிக் குழுக்கள் அதே பெயரில் அங்கே ஊர் ஊராகப் பாடின! உறையிலிருந்த பிழை? படம் வரைந்த நண்பரின் கைப்பிசகு. வேண்டுமென்றே செய்ததாக ஆர்ஜென்ட் பல வருடம் சமாளித்தார்.

எனக்கு இது வேறு இடத்தில் தைத்தது. இந்தியிலிருந்து நான் மொழிபெயர்த்த முதல் நாவல் அப்போது பதிப்பாளரின் கிடங்கில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. இனி இந்த வேலையே வேண்டாம் என்று இருந்தேன். நல்லது என்றாவது வெல்லும் என்பதற்கு இந்த ஆல்பமே சாட்சி என்று நண்பர் தேற்றினார். 2008ல் குழுவினர் லண்டன் மேடையில் முழு ஆல்பத்தையும் முதன்முறையாக வாசித்தபோது அவர் சொன்னது பலித்தது போலத்தான் இருந்தது. 2019ல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கிடைத்தது.

ஆனால் 2008ல் மேடையில் நால்வர்தான் இருந்தார்கள். கிடாரிஸ்ட் பால் அட்கின்சன் 2004லேயே இறந்துவிட்டார். தாமதமான கைதட்டல் யாருக்கு? பெரும்பாலும் கைதட்டுகிறவர்களுக்கு.

அந்தச் செய்தியைப் படித்த வாரமே மயூர் விகாரில் இருந்த ஒரு முதிய இந்தி எழுத்தாளர் வீட்டுக்குப் போனேன். அவருடைய ஆகச்சிறந்த நாவலை இந்தியிலேயே யாரும் பேசுவதில்லை. தமிழில் கொண்டுவர விரும்புவதாகச் சொன்னேன். "யாராவது கேட்டார்களா?" என்றார். "இல்லை, ஐயா" என்றேன். சிரித்துவிட்டு, தன்னிடமிருந்த ஒரே பிரதியைக் கொடுத்தார்.

2011ல் புத்தகம் வந்தது. அச்சிட்டது 500. இன்னும் தீர்ந்தபாடில்லை. முதல் பிரதியை அவர் கையில் கொடுத்தேன். படிக்கத் தெரியாத எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தவர், அட்டையைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டார்: "என் பெயரைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா?"

நான்கு முறை சரிபார்த்திருந்தேன்.